இங்கிலீஷ் ஒப்பாரி

ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு பேக்கரியில் மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்திருந்தபோது அந்தப் பாட்டு வந்தது. பக்கத்து மேசையில் ஒரு பையனும் பெண்ணும். ஒரே பப்ஸை இரண்டாகப் பிய்த்து, உதிர்ந்த துகளைக்கூடப் பங்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் தொங்கிய சின்ன ஸ்பீக்கரில் கிட்டார் ஒருமுறை முனகி, நிறுத்தி, மறுபடி முனகியது. “ஐயோ, என் பாட்டு” என்றாள் அந்தப் பெண். பையன் சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான். நான் சட்டென்று டீயைக் கீழே வைத்தேன். சாவு வீட்டில் டீ குடிப்பது ஒன்றும் தப்பில்லை, எல்லாரும்தான் குடிக்கிறார்கள். ஆனாலும் கை வைத்துவிட்டது. மூக்கில் ஊதுபத்தி. நசுங்கிய சாமந்தி. யாரைக் கிடத்தியிருக்கிறார்கள் என்று கண் தானாகத் தேடியது.

வெள்ளைக்காரர்கள் பாடிய காதல் பாட்டு அது. நான் பிறப்பதற்கு முன்பே பாடி முடித்துவிட்டார்கள். இன்றைக்கும் உலகத்தில் எங்கெங்கோ மோதிரம் மாற்றும்போது போடுகிறார்களாம், கோபித்துக்கொண்டு போனவளுக்கு அனுப்புகிறார்களாம், முதல் குழந்தைக்குத் தாலாட்டாகக்கூடப் பாடுகிறார்களாம். எங்கள் உத்திரமேரூர் பக்கத்துச் சில ஊர்களில் மட்டும் அது சாவுப் பாட்டு. பறை ஒரு பக்கம் அதிரும். சொர்க்க ரதம் என்று எழுதிய வண்டியில் போனை இணைத்து இதையும் போட்டுக்கொண்டு மெல்ல நகர்வார்கள். இங்கிலீஷ் ஒப்பாரி என்று பேர். போடச் சொல்கிறவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது.

அம்மா பிறந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவள். அதனால் மாமா வீடும் எங்கள் வீடும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். ஏரிக்கு இந்தக் கரையில் நாங்கள். அந்தக் கரையில் மற்ற ஊர்கள். அம்மாவின் தம்பியான மாமா மைக் செட் வைத்திருந்தார். ஒரு ஆம்ப்ளி, ஒரு டேப், இரண்டு குழாய் ஸ்பீக்கர், சீரியல் பல்புச் சரம். மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, கூழ் ஊற்றுவது, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் அவர்தான் போவார். சைக்கிளில் பின்னால் ஆம்ப்ளி, முன்னால் குழாய். தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய ஊமத்தம்பூ ஒன்று தானாகச் சைக்கிள் மிதித்து வருவது போலிருக்கும்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. குழாயைக் கட்டி, கரண்ட் கொடுத்ததும், முதல் பாட்டு பிள்ளையார் பாட்டாக இருக்க வேண்டும். ஆனால் அதற்கும் முன்னால் சத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்க ஏதாவது ஒன்றை ஓடவிட வேண்டுமே. அது டெஸ்டிங். டெஸ்டிங் கணக்கில் சேராது. எதைப் போட்டு டெஸ்டிங் பார்ப்பது என்பதுதான் பேஜார். சாமி பாட்டைப் போட்டுப் பாதியில் நிறுத்தினால் தெய்வக் குற்றம். சினிமாப் பாட்டைப் போட்டுப் பாதியில் நிறுத்தினால் இளவட்டங்களிடம் திட்டு வாங்க வேண்டும். பாதியில் அறுத்தாலும் யாருக்கும் வலிக்காத பாட்டு ஒன்று வேண்டும்.

அந்தப் பாட்டை அத்தைதான் கொண்டுவந்தாள்.

அத்தை பெரம்பூர்க்காரி. தூரத்துச் சொந்தம். அவள் அப்பா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். குவார்ட்டர்ஸில் பக்கத்து வீடு சட்டைக்காரர்கள், அதாவது ஆங்கிலோ இந்தியர்கள். அந்த வீட்டுப் பெண்ணும் அத்தையும் ஒன்றாகவே வளர்ந்தார்கள். அவர்கள் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா கிளம்பியபோது, அந்தப் பெண் ஒரு கேசட்டை அத்தையின் கையில் வைத்து மூடிவிட்டுப் போனாளாம். கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்தபோது அத்தையின் பெட்டியில் புடவைக்கு நடுவில் அது இருந்தது. பட்டுப்புடவை இருக்கும் என்று எட்டிப் பார்த்த ஊர்ப் பெண்கள், “இன்னாடி, மெட்ராஸ்காரி பொட்டியில ரேடியோ பொட்டி சாமான் கீது” என்று சிரித்தார்கள். அத்தையும் சேர்ந்து சிரித்தாள். சிரித்தால் கண் இரண்டும் காணாமல் போய்விடும் முகம்.

மாமாவுக்கு அந்தப் பாட்டு வசதியாகப் போயிற்று. ஆரம்பத்திலேயே அடியில் உறுமுகிற சத்தமும் இருக்கிறது, உச்சியில் கீச்சிடுகிற சத்தமும் இருக்கிறது. நாலு வரியில் குழாயின் நோய் நொடி எல்லாம் தெரிந்துவிடும். பாதியில் நிறுத்தினாலும் கேட்பாரில்லை. புரிந்தால்தானே கேட்க. ஊர் ஊராக அவர் டெஸ்டிங் பார்த்தார். அக்கரையில் குழாய் கட்டினால், காற்று வாகாக இருந்தால், தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டு சத்தம் எங்கள் கரைக்கு வரும். சாயங்காலம் அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்கு வருவாள். விறகு பொறுக்க என்று அம்மாவிடம் சொல்வாள். ஒரு நாளும் நாங்கள் விறகு பொறுக்கியதில்லை.

கரை மேல் நிற்போம். கொக்கு. நாணல். தூரத்தில் புள்ளியாகப் பரிசல். சட்டென்று தண்ணீரின் தோலில் ஒரு முனகல். அத்தை என் தோளை அழுத்துவாள். “கேட்டியா? உங்க மாமா கரண்ட் குட்த்துட்டாரு.” நாலு வரி. பிறகு அறுந்துவிடும். பிள்ளையார் வந்துவிடுவார். “சரி வா, வேல ஆரம்பிச்சாச்சு. மரத்துல இருந்து வியல, ஷாக் அடிக்கல, நல்லாக் கீறாரு.” அவ்வளவுதான். சேதி வந்துவிட்டது. ஊருக்கே கேட்கிற சேதி, ஒருத்திக்கு மட்டும் வந்து சேரும். அது எனக்கு அப்போது ஒரு விளையாட்டாகத்தான் இருந்தது.

அவர்கள் இருவரும் எங்கள் கண் முன்னால் ஒருவரை ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, தொட்டதில்லை. நாலு வரி டெஸ்டிங்தான்.

அப்புறம் நெல் மண்டிக்காரரின் அப்பா செத்துப்போனார்.

அக்கரை ஊரில் பெரிய வீடு. உத்திரமேரூர் பஜாரில் அவர்களுக்கு நெல் மண்டி. செத்தவர் வயதில் மூத்தவர், வாயிலும் மூத்தவர். மகனைச் சந்தையில் நிற்கவைத்துத் திட்டுவார். யாருக்கும் அழுகை வரவில்லை. ஒப்பாரி வைக்கிற பெண்கள் தொண்டையைச் செருமிச் செருமிப் பார்த்துவிட்டு வெற்றிலை போட உட்கார்ந்துவிட்டார்கள். மண்டிக்காரர் கொல்லைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். தகப்பன் பிணத்துக்கு முன்னால் மகன் அழவில்லை என்று ஊர் பார்க்கிறது. அது அவருக்குத் தெரிகிறது. தெரிந்தும் வரவில்லை. வராததை எங்கே போய் வாங்குவது?

மாமா தென்னை மரத்தில் குழாய் கட்டிக்கொண்டிருந்தார். கீழே டெஸ்டிங் ஓடவிட்டு, மேலே ஏறித் திசை சரிபார்க்கப் போயிருக்கிறார். கட்டு நழுவியிருக்கிறது. திரும்பக் கட்டுவதற்குள் கீழே கேசட் நிற்காமல் ஓடிவிட்டது. நாலு வரி தாண்டி, யாருமே கேட்டிராத இடத்துக்குப் போய்விட்டது. பாடுகிறவன் நிறுத்தியதும், கிட்டார் தனியாகப் புறப்படுகிற இடம். அது ஏறும். இறங்கும். விம்மி மூச்சு வாங்கும். திரும்ப ஏறும். ஒப்பாரிக்காரிகள் வெற்றிலையை வாயிலிருந்து எடுத்துவிட்டார்கள். கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற மண்டிக்காரர், “நைனா” என்று ஒரு சத்தம் போட்டு அப்படியே மடங்கி உட்கார்ந்தாராம்.

மாமா பதறிப்போய் மரத்திலிருந்து சறுக்கி இறங்கி, நெஞ்செல்லாம் சிராய்ப்போடு ஓடி நிறுத்தியிருக்கிறார்.

“இன்னாத்துக்கு நிறுத்துன?” என்றாராம் மண்டிக்காரர், மூக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டே.

“டெஸ்டிங்குங்க... தெரியாம ஓடிடுச்சு...”

“போடுய்யா அத. திரும்பப் போடு.”

பிணம் எடுக்கும்வரை அதே பாட்டு. அந்த வாரத்திலேயே அடுத்த ஊரில் ஒரு சாவு. “மண்டிக்காரு வூட்ல போட்டியே, அந்த அழுவாச்சிப் பாட்டு, அத எத்துக்கினு வா” என்று ஆள் வந்தது. அப்புறம் ஒவ்வொரு சாவுக்கும். மருமகள் சாவில் அழ முடியாத மாமியார்கள், பங்காளி சாவில் அழ வேண்டிய கட்டாயத்திலிருந்த பங்காளிகள், உண்மையிலேயே உடைந்துபோய்க் கண்ணீர் எங்கோ சிக்கிக்கொண்டவர்கள், எல்லாரையும் அது அழவைத்தது. பாஷை புரியாதது கூட நல்லதாகப் போயிற்று என்று இப்போது தோன்றுகிறது. புரிந்த ஒப்பாரியில் செத்தவரின் குணம் வந்துவிடும், சொத்து வந்துவிடும், யார் கடைசியில் தண்ணீர் கொடுத்தார்கள் என்பது வந்துவிடும். இதில் எதுவும் இல்லை. வெறும் துக்கம். யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளலாம்.

ஆனால் அது துக்கப் பாட்டு இல்லையே. அத்தை ஒருத்திக்குத்தான் அது தெரியும்.

ஏரிக்கரையில் துணி துவைக்கிற பெண்கள், அக்கரையில் அந்தக் கிட்டார் முனகியதும் நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்கள். “யாரு போய்ட்டாங்க?” யாருக்கு உடம்பு சரியில்லை, யாரை ஆஸ்பத்திரியிலிருந்து திருப்பி அனுப்பினார்கள் என்று பேச்சு ஓடும். அத்தை என் தோளில் வைத்த கையை எடுத்துவிடுவாள். மாமா டெஸ்டிங்குக்கு வேறு எதையோ போட ஆரம்பித்தார். கல்யாண வீட்டில் இதைப் போட முடியாதே இனிமேல். அத்தை கரைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். அம்மா, “விறகு வேணாமா இன்னிக்கி?” என்று கேட்டபோது, “கேஸ் அடுப்பு வாங்கித் தரேன்றாரு அண்ணி” என்று பொய் சொன்னாள்.

ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கம் சண்டை. நான் அவர்கள் வீட்டில்தான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். என்னை ஒரு பொருட்டாக இருவரும் நினைக்கவில்லை.

“இன்னா மனுசன்யா நீ? என் பாட்ட எட்த்துக்கினு போயி பொணத்துக்குக் குட்த்துட்டியே!”

“நானா குட்த்தேன்? கேக்கறாங்க. அழுவ வர்லன்னு வந்து நிக்கறாங்க, எப்பிடி இல்லன்றது?”

“அழுவ வர்லன்னா வெங்காயம் உரிக்கச் சொல்லு.”

நான் சிரித்துவிட்டேன். மாமாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை. கண் இரண்டும் அப்படியே திறந்திருந்தன.

“சரி. இனிமே நா போட மாட்டேன். சத்தியமா.”

“நீ போட மாட்ட. உத்திரமேரூர் கேசட் கடையில ரெக்காட் பண்ணி வச்சிக்கினு கீறானுங்களே எல்லா செட்டுக்காரனும்? அவன் போட மாட்டானா? நீ பாட்ட வுட்டுட்ட. பாட்டு வுடலயே.”

மாமா உண்மையிலேயே நிறுத்திவிட்டார். சாவு வீடுகள் அவர் கையை விட்டுப் போயின. கேட்டு வந்தவர்கள் கோபித்துக்கொண்டு போனார்கள், “ஒரு பாட்டுக்கு இவ்ளோ ராங்கியா” என்று. ஆனால் அத்தை சொன்னதுதான் நடந்தது. உத்திரமேரூரிலிருந்தும் செங்கல்பட்டு சாலைப் பக்கமிருந்தும் வேறு செட்டுக்காரர்கள் வந்து அதையே போட்டார்கள். ஊர் ஒரு பாட்டுக்கு ஒரு அர்த்தம் வைத்துவிட்டால், பாடினவனே வந்தாலும் மாற்ற முடியாது.

அந்தப் பாட்டில் என்னதான் இருக்கிறது என்று நான் அத்தையைக் கேட்டேன். தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தாள். வாயில் ரிப்பன்.

“ஒண்ணுமில்லடி. ரெண்டு பேரு ரயில்ல போறாங்க. ஒரு பையன், ஒரு பொண்ணு. அவளுக்குத் தூக்கம் வருது. அவன் சொல்றான், நீ தூங்கு, நம்ம எறங்குற எடம் வந்தா நா எயுப்புறேன்னு.”

“அப்புறம்?”

“அவ்ளோதான். அதத்தான் சுத்திச் சுத்திப் பாடுறான். வெளிய வயலு போது, ஊரு போது, மழ பெய்யுது. நீ தூங்கு, நா முழிச்சிக்கினு கீறேன்னு.”

“ஐ லவ் யூ சொல்ல மாட்டானா?”

“இத வுட இன்னா சொல்லணும்?”

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இங்கிலீஷ் பாட்டு என்றால் குதிரை, துப்பாக்கி, குறைந்தபட்சம் ஒரு முத்தமாவது இருக்கும் என்று நினைத்திருந்தேன். ரயிலில் ஒருத்தி தூங்குவதற்கா இவ்வளவு கிட்டார்? “எயுப்புனானா அவள?” என்று கேட்டேன். அத்தை ரிப்பனை முடிச்சுப் போட்டாள். “பாட்டு அதுக்குள்ள முடிஞ்சிடுது” என்றாள்.

இப்போது யாராவது என்னிடம் அந்தப் பாட்டு ஏன் இத்தனை வருஷமாகச் சாகாமல் இருக்கிறது என்று கேட்டால் எனக்கு நேரான பதில் தெரியாது. அவர்கள் இறங்கவே இல்லை என்பதால் இருக்கலாம். இறங்குகிற இடம் வந்தால் டிக்கெட்டைக் கொடுக்க வேண்டும், மூட்டையைத் தூக்க வேண்டும், ஆட்டோவுக்குப் பேரம் பேச வேண்டும், வாடகைக்கு வீடு பார்க்க வேண்டும். காதல் அந்த ஜன்னலோரத்தோடு நின்றுவிடுகிறது. ஒருத்தர் கண்ணை மூடலாம், ஒருத்தர் மூட மாட்டார் என்கிற அந்த நம்பிக்கையை மட்டும் பாட்டு பிடித்து வைத்துக்கொண்டு, மீதி எல்லாவற்றையும் ஓடவிடுகிறது. அந்தக் கிட்டார் அழவில்லை. அது வண்டி ஓடுகிற சத்தம். ஆனால் பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு அதை எப்படிச் சொல்வது? அவனும்தான் தூங்குகிற ஒருத்தருக்குப் பக்கத்தில் விழித்திருக்கிறான். மண்டிக்காரர் தப்பாகக் கேட்டுவிட்டார் என்று என்னால் அடித்துச் சொல்ல முடிவதில்லை. பேக்கரிப் பெண் சரியாகக் கேட்டாள் என்றும்.

அந்த வருஷம் மழை முடிந்து ஏரி நிறைந்திருந்தபோது அத்தைக்குக் கண் மஞ்சளானது. முதலில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், பத்தியம் வைத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது முற்றிவிட்டது. திரும்பி வந்து கூடத்தில் படுத்திருந்தாள். மெலிந்து, சுண்ணாம்புச் சுவரோரம் வைத்த மஞ்சள் துணி மாதிரி. ஒரு மத்தியானம் அக்கரையில் யாரோ செட்டுக்காரன் அந்தப் பாட்டைப் போட்டான். உடம்பு பார்க்க வந்திருந்த பெண் ஒருத்தி நாக்கைக் கடித்துக்கொண்டு ஜன்னலைச் சாத்தப் போனாள்.

“தொறந்தே கீட்டும்” என்றாள் அத்தை. “எனக்கு இல்ல அது. நா இன்னும் கீறேன்.”

எல்லாரும் சிரித்தோம். மாமா எழுந்து வெளியே போய்விட்டார்.

தை பிறப்பதற்குள் அத்தை போய்விட்டாள்.

அன்றைக்கு ஊரே எங்கள் தெருவில் நின்றது. எல்லாரும் எதிர்பார்த்தது ஒன்றுதான். மண்டிக்காரர் அக்கரையிலிருந்து மாலையோடு வந்து மாமாவின் தோளைத் தொட்டார். “போடுப்பா. உன் பொண்டாட்டி கொண்டாந்த பாட்டாமே. இன்னிக்கிப் போடலன்னா எப்ப போடுவ?”

“செட்டு ரிப்பேருங்க” என்றார் மாமா.

“நா வேற செட்டுக்குச் சொல்றேன்.”

“வாணாங்க.”

அவ்வளவு மெதுவாகச் சொன்னார். ஆனால் மண்டிக்காரர் கையை எடுத்துக்கொண்டார். பறை மட்டும்தான். செட்டு ரிப்பேர் இல்லை என்று எனக்குத் தெரியும். அது அறை மூலையில் கோணி போர்த்தி நன்றாகவே இருந்தது. “ஊருக்கெல்லாம் போட்டான், கட்டுனவளுக்குப் போட மனசு வர்ல பாரு” என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அம்மாகூட அவரையே பார்த்தாள். மாமா அழவும் இல்லை. எனக்கு அவர் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

கருமாதி முடிந்து சில நாளில் அக்கரையில் எங்கள் உறவில் ஒரு கல்யாணம். செட்டுக்கு மாமாவையே சொல்லியிருந்தார்கள், அத்தை நன்றாக இருந்தபோது கொடுத்த வாக்கு. துக்க வீட்டுக்காரன், வருவானோ மாட்டானோ என்று அவர்களுக்கே சந்தேகம். மாமா வந்தார். நாங்களும் முந்தின நாளே போய்விட்டோம். பெண் அழைப்புக்கு இன்னும் நேரம் இருந்தது. வாழை மரம் கட்டிக்கொண்டிருந்தார்கள், பெரிய அண்டாவில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. மாமா மாடியில் மூங்கில் நட்டுக் குழாயைக் கட்டிவிட்டுக் கீழே வந்து ஆம்ப்ளி முன்னால் உட்கார்ந்தார்.

கிட்டார் முனகியது.

எண்ணெயில் போட்ட வடையை எடுக்க மறந்து சமையல்காரர் நிமிர்ந்தார். யாரோ ஒருத்தி, “ஐயய்யோ, யாரு?” என்றாள், வழக்கப்படி. பிறகுதான் சத்தம் வருவது தங்கள் மாடியிலிருந்தே என்று உறைத்தது.

“யோவ்! கல்யாண வூட்ல இன்னாய்யா சாவுப் பாட்டு!”

“கேசட் மாத்திட்டான்டா. பொண்டாட்டி போன துக்கத்துல இன்னா போடறோம்னே தெரியாம கீறான்.”

“டேய், நிறுத்துடா மொதல்ல!”

நாலு வரி போய்விட்டது. மாமா நிறுத்தவில்லை. மாப்பிள்ளை வீட்டார் இரண்டு மூன்று பேர் ஓடி வந்தார்கள். ஒருத்தர் கேசட்டை உருவக் கை நீட்டினார். மாமா ஆம்ப்ளியின் மேல் கவிழ்ந்துகொண்டார். குஞ்சுகளின் மேல் கோழி கவிழ்வது மாதிரி, இரண்டு கையையும் விரித்து. “எய்ந்திருடா!” முதுகில் அடி. தலையில் அடி. அம்மா, “அடிக்காதீங்க, எந்தம்பிய அடிக்காதீங்க, அவன் சுயபுத்தியில இல்ல” என்று நடுவில் விழுந்தாள். மாப்பிள்ளையின் அம்மா திகைத்துப்போய்க் காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். அபசகுனத்துக்கு அழுதாளா, பாட்டுக்கு அழுதாளா, தெரியாது. பாடுகிறவன் பாடிக்கொண்டே இருந்தான். நீ தூங்கு, நீ தூங்கு. பிறகு கிட்டார் மட்டும். அது ஏறி, இறங்கி, எங்கேயோ தூரத்தில் தேய்ந்து, முடிந்தது.

மாமா எழுந்தார். உதடு கிழிந்திருந்தது. வேட்டி நுனியால் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு கேசட்டை மாற்றினார். பிள்ளையார் பாட்டு கணீரென்று கிளம்பியது. அதன் முன்னால் யாராலும் அடிக்க முடியவில்லை. ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. சாமி பாட்டு முடியும்வரை காத்திருந்து, பிறகுதான் வெளியே போகச் சொன்னார்கள்.

அதற்கப்புறம் ஒரு கல்யாணத்துக்கும் மாமாவை யாரும் கூப்பிடவில்லை. சாவு வீட்டுக்கு அவர் போகவில்லை. செட்டை விற்றுவிட்டு ஒரு ரைஸ் மில்லுக்கு வேலைக்குப் போனார். பாவம், துக்கத்தில் கேசட் மாறிவிட்டது, ஒரு சின்னத் தப்பில் தொழிலே போய்விட்டது என்று ஊர் ரொம்ப நாள் பேசியது. அம்மாவும் அப்படித்தான் சொன்னாள். நானும் அப்படித்தான் நம்பினேன். ஆத்திரம்கூடத் தணிந்துவிட்டது எனக்கு. கேசட் மாறுகிற அளவுக்காவது அழுதிருக்கிறாரே.

அன்றைக்கு அந்தக் கல்யாண வீட்டில் குழாயைக் கழற்ற அவரோடு மாடிக்குப் போனது நான்தான். வேறு யாரும் கூட வரவில்லை. கீழே பந்தலில் மாவிலைத் தோரணம் ஆணி அடித்தது போல அசையாமல் தொங்கியது. எண்ணெய்ப் புகை நேராக மேலே போனது. குழாயைப் பார்த்தேன். அதன் வாய் பந்தலின் பக்கமும் இல்லை, தெருவின் பக்கமும் இல்லை. வீடுகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏரிக்கு மேலே, நேராக எங்கள் ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“மாமா, கொயா அந்தாண்ட திரும்பிக்கினு கீதே.”

அவர் அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“காத்துல திரும்பியிருக்கும். ஸ்பேனர எடு.”

நான்தான் முதலில் ஸ்பேனரைப் போட்டுப் பார்த்தேன். என் பலம் முழுக்கக் கொடுத்தும் நட்டு அசையவில்லை. மாமா வாங்கி, இரண்டு கையாலும் பிடித்து, காலை மூங்கிலில் ஊன்றி இழுத்தார். அதற்கும் உடனே வரவில்லை, அவ்வளவு இறுக்கம். திரும்பிப் போகும்போது அம்மா முன்னால் நடந்தாள், மாமா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஏரிக்கரையில் ஒரு நாணல்கூட ஆடவில்லை. இப்படி முடுக்கின குழாயையே திருப்பிவிட்டதென்றால் அந்தக் காற்று எவ்வளவு பெரிய காற்றாக இருந்திருக்கும், அது அடித்தபோது நாம் எங்கே போயிருந்தோம் என்று, வீடு வரும்வரை நான் யோசித்துக்கொண்டே நடந்தேன்.